பின்கதவில் பெயர் கேட்பதில்லை

சென்ற மாதம் கல்லடிக் கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த ஓர் இரவுக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். என்னோடு முன்பு வேலை செய்த செல்வம்தான் அங்கே இப்போது கொத்து ரொட்டி மேசையில் நிற்கிறார். வேலையை விட்டு வீட்டோடு கிடக்கும் என்னை, வந்து பாருங்கள் என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனேன். இரவு பன்னிரண்டரை மணி. கடை முழுக்க வெளிச்சம். வீதியோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பாட்டுக் கச்சேரி முடிந்து வந்தவர்கள், கல்யாண மண்டபத்தில் மின்விளக்குக் கட்டியவர்கள், வெளிநாட்டுக்காரர் நாலு பேர். இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது, எதில் கொத்து நல்லது என்பதையெல்லாம் இப்போது கைத்தொலைபேசியே சொல்லிவிடுமாம். நல்ல காலம்தான்.

சாப்பாட்டுக்குச் சொன்னதும் கல்லாவில் இருந்த பிள்ளை ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள். பெயரைத் துண்டில் எழுதிப் பார்சலில் ஒட்டினாள். தயாரானதும் வீதிக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள். "கஜன்! கஜன் ஆரு?"

என் கையிலிருந்த பிளேன்டீ உடுத்தியிருந்த சாரத்தில் கொட்டிவிட்டது. செல்வம் சிரித்தார். மேசையடியில் நின்ற இளசுகளும் சிரித்தார்கள். இரவில் ஒரு பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதற்கு ஒரு கிழவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விளக்கம் கேட்டார்கள். அன்றைக்குப் பாதியைச் சொன்னேன். சொல்லாத பாதிதான் பெரியது. அதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தேற்றாத்தீவைச் சேர்ந்தவன். வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடம் மாவு பிசைந்தேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், ரொட்டி வீசப் பழகினேன், ஊருக்குத் திரும்பினேன். மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையோரம் இருந்த சாமுவேல் முதலாளியின் கடையில் சேர்ந்தேன். இருபத்தேழு வருடம் அந்த ஒரே அடுப்படி.

சாமுவேல் முதலாளி மெதடிஸ்த சபைக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சாரம், மடித்துவிட்ட கைச்சட்டை. தட்டுக் கழுவுகிறவரைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்; அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்த்தான் திட்டு வாங்க வேண்டும். ஒரு வேலையை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். பின்கதவு விளக்கின் கண்ணாடிச் சிமிலியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பது. பின்னேரம் நாலு மணிக்கு அதைக் கையில் எடுத்தாரென்றால் துடைத்து முடியும்வரை யாரோடும் பேச மாட்டார்.

அந்த விளக்குக்கு ஒரு காரணம் இருந்தது. யுத்த காலத்தில் எங்கள் நகரம் பொழுது பட்டதும் செத்துவிடும். ஏழு மணிக்கு மேல் வீதியில் நாய்கூட யோசித்துத்தான் நடக்கும். ஆனால் பசிக்கு ஊரடங்கு தெரியுமா? ஆசுபத்திரியில் இரவு வேலைக்காரர் இருந்தார்கள். நோயாளியோடு வந்து வராந்தாவில் குந்தியிருக்கும் ஊராட்கள் இருந்தார்கள். வாவியில் இரவெல்லாம் வலை போடுகிறவர்கள் இருந்தார்கள். இவர்களுக்காக, முன்பக்கம் பலகைக் கதவுகளைப் போட்ட பிறகு முதலாளி வாவிப் பக்கத்துப் பின்கதவைத் திறந்து வைப்பார். பால்மாத் தகரத்தில் ஆணியால் துளை போட்டு, அதற்குள் விளக்கை வைப்போம். வாவியிலிருந்தும் பக்கத்து ஒழுங்கைப் பாதையிலிருந்தும் பார்த்தால் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். அது எரிந்தால் சோறு இருக்கிறது. எரியாவிட்டால் வராதே. அவ்வளவுதான் எங்கள் விளம்பரம். பக்கத்துக் காவலரணில் இருந்தவர்களுக்கும் அது தெரியாமல் இல்லை. அவர்களுக்கும் வயிறு இருந்தது.

வருகிறவர் கதவைத் தட்டக் கூடாது. அந்தக் காலத்தில் இரவில் கதவு தட்டும் சத்தத்துக்கு வேறு பொருள் இருந்தது. உள்ளே இருப்பவனுக்கு ஈரல்குலை நடுங்கிவிடும். நகத்தால் கதவுத் தகரத்தை இரண்டு தரம் விறாண்ட வேண்டும். உள்ளே கொத்துப் போடும் சத்தமும் வரக் கூடாது. கொத்து என்றாலே சத்தம்தானே, அதை நான் சத்தமில்லாமல் போடப் பழகினேன். ரொட்டியைப் பலகையில் வைத்துக் கத்தியால் ஒரே அளவாக அரிந்து, தாச்சியில் வெங்காயமும் முட்டையும் கறியும் விட்டுக் கிளறுவேன். ருசி ஒரு பிடி குறைவுதான். யாரும் குறை சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. பின்கதவால் வந்தவரிடம் பெயர் கேட்கக் கூடாது. ஊர் கேட்கக் கூடாது. அவராகச் சொல்ல வந்தாலும் காதில் வாங்கக் கூடாது. "தெரிஞ்ச பேரத்தான் அடிச்சுக் கேட்டாச் சொல்லுவம், தம்பிராசா" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார் முதலாளி. "தெரியாத பேர ஆரு கேட்டும் எடுக்க ஏலா." அதனால் நாங்கள் ஆட்களைச் சாப்பாட்டால்தான் அடையாளம் வைத்திருந்தோம். 'உறைப்பு வேண்டாம்' என்பவர் ஒரு ஆசுபத்திரிக்காரர். 'கருகல்' ஒரு வலைகாரர், ரொட்டி ஓரம் கருகினால்தான் அவருக்கு இறங்கும். முகத்தைவிட நாக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி எனக்கு வாய்த்த ஒருவர்தான் 'முள்ளு'.

இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். ஆட்டோ ஓட்டினார். இரவில் ஆசுபத்திரிக்கு ஆள் ஏற்ற அஞ்சாத இரண்டொரு பேரில் ஒருவர். முதல் நாள் வந்தபோது சோறும் திரளி மீன்கறியும் கொடுத்தேன். சோற்றைச் சாப்பிட்டு மீனை ஒதுக்கி வைத்திருந்தார். மீன் பிடிக்காதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, பிடிக்கும், முள் எடுக்கத்தான் தெரியாது என்றார். சின்ன வயதில் தொண்டையில் முள் இறங்கிச் சாகப் பார்த்தவராம். அன்றிலிருந்து அம்மாதான் முள் எடுத்துக் கொடுப்பாவாம். வாவிக்கரையில் பிறந்து மீன் முள் எடுக்கத் தெரியாத ஆண்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கல்யாணம் கட்டினால் சீதனத்தோடு முள் எடுக்க ஆளும் கேட்பீரோ என்று பகிடி பண்ணினேன். பகிடி பண்ணிக்கொண்டே எடுத்தும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வந்தால் தட்டு வைக்கும் முன் மீனைப் பிரித்து முள் எடுத்துவிடுவது என் வேலையாகிவிட்டது.

சுனாமி வந்த அன்று காலையில் நான் கடையில் இருந்தேன். கடல் எங்களிடம் நேராக வரவில்லை; வாவிதான் ஏறி முழங்கால் அளவுக்கு வந்து போனது. ஆனால் மத்தியானத்துக்குள் கல்லடிப் பாலத்தால் வந்த சனத்தைப் பார்த்தபோது விளங்கிவிட்டது, அந்தப் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்று. இரவானது. மின்சாரம் இல்லை. ஈர உடுப்போடு, யாரைத் தேடுகிறோம் என்றுகூடச் சொல்லத் தெரியாமல் ஆட்கள் இருட்டுக்குள் நடந்தார்கள். முதலாளி முன்பக்கப் பலகைகளைக் கழற்றச் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இரவில் அந்தப் பக்கம் திறந்தது. இருந்த விளக்கையெல்லாம் ஏற்றினோம். பிறகு என்னிடம் வந்து, "இண்டைக்குச் சத்தமாக் கொத்துங்க, தம்பிராசா. இருட்டுல நிக்கிற சனத்துக்கு இங்க சாப்பாடு கிடக்கெண்டு தெரியட்டும்" என்றார்.

விடியும்வரை தட்டகப்பைகளால் இரும்புத் தட்டில் கொத்தினேன். மா முடிந்த பிறகும் வெறும் தட்டில் கொத்தினேன், சோறு இருந்ததால். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சனம் வந்தது. நடுச்சாமத்தில் முள்ளும் வந்தார். ஆட்டோ முழுக்கச் சேறும் இரத்தமும். காலையிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாராம். நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டார். வீடு நாவலடியில் என்று மட்டும் சொன்னார். அங்கே வீடு என்று ஒன்றும் இல்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு திரும்பவும் ஆசுபத்திரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் ஒரு அம்மா வந்தா. ஐம்பது வயது இருக்கும். யாரோ கொடுத்த சீலை, காலில் செருப்பில்லை, முழங்கையெல்லாம் தென்னை மரம் உரசின காயம். மகனைத் தேடுகிறா. பாலத்தடியில் ஒரு பின்கதவுக் கடையில் இரவில் சாப்பிடுவேன் என்று மகன் சொல்லியிருக்கிறாராம். பெயர் பிரதீபன்.

அப்படி ஒருவரைத் தெரியாது அம்மா என்று சொன்னேன். பொய் இல்லை, எனக்குத் தெரியாதுதான். அந்த அம்மா திரும்பி நடந்தா. இதுதான் எங்கள் தொழிலில் எங்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. மனிதரைத் தெரியும், பெயரைத் தெரியாது. உள்ளேயிருந்த முதலாளிக்குத்தான் அது முதலில் உறைத்தது. "ஓடுங்க, தம்பிராசா. அவட்ட மகன்ட சாப்பாட்டக் கேளுங்க" என்றார்.

ஓடினேன். பாலத்தில் ஏறும் இடத்தில் பிடித்தேன். மகன் என்ன சாப்பிடுவார் என்று கேட்டேன். நான் சாப்பாடு தரத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தா போலும், எனக்குப் பசி இல்லை தம்பி என்றா. நான் திரும்பக் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அவன் என்னத்தையும் திம்பான் தம்பி. மீனுக்கு முள்ளு மட்டும் எடுக்கத் தெரியா" என்றா.

அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஆசுபத்திரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஆட்டோ நின்றது. முள்ளு தலையைக் கைப்பிடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மீதியை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் செத்துவிட்டதாக நினைத்து ஒரு பகலும் இரவும் இருந்தவர்கள். தாய் அவருடைய முகத்தைத் தடவித் தடவி, "மனே, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டா. அன்றைக்கு நான் அழுதேன். கடையில் சேர்ந்த பிறகு முதல் தரம் அழுதது அதுதான்.

அதற்குப் பிறகு அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் முள்ளு என்றுதான் கூப்பிட்டேன். அவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அவருடைய தாய் பூமணி அம்மா சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவா. பின்கதவில் பெயர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது மனதின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு வருடம் கழிந்திருக்கும். நிலைமை மறுபடியும் கெட்டது. ஆள் பிடிக்க இரவில் வான்கள் திரிந்த காலம். யாருடைய வான், யாரைத் தேடி என்று கேட்கக் கூடாத காலம். ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக இரவு ஓட்டத்தை நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு முன்பே வந்தார். முகம் உப்பியிருந்தது. வழக்கம்போல் மீனைப் பிரிக்கத் தொடங்கினேன். "இண்டைக்கு முள்ளோட தாங்க அண்ணன். நானே எடுக்கப் பழகிறன்" என்றார். சிரிப்பு வந்தது. கொடுத்தேன். குனிந்து ஒரு முள்ளை எடுத்தார். இரண்டாவதைத் தேடினார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். அம்மாவோடு சண்டையாம். விடியப் போய்ச் சமாளித்துவிடுவேன் என்றார். நான் முள் எடுத்துக் கொடுத்தேன். முழு மீனையும் சாப்பிட்டார். இரண்டாந்தரமும் சோறு வாங்கினார். கை கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு, "வாறன் அண்ணன்" என்று சொல்லி ஒழுங்கைக்குள் இறங்கினார்.

பத்தடி போயிருக்க மாட்டார். ஒரு வான் கதவு இழுபட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரல் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சத்தமாக, முழுப் பெயராக. பிறகு அவருடைய ஆட்டோவும் கிளம்பியது. அதை அவர் கிளப்புகிற விதம் எனக்குத் தெரியும், அது அவர் கை இல்லை. முதலாளி விளக்கை ஊதி அணைத்தார். இருட்டுக்குள் இருவரும் நின்றோம். நான் கதவுப் பக்கம் ஒரு எட்டும் வைக்கவில்லை. வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். வைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் முதலாளி சிமிலியைத் துடைத்தபடி, என் முகத்தைப் பாராமல், "ராத்திரி இங்க ஆரும் வரல்ல, தம்பிராசா" என்றார். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பொய் அது. ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். பின்கதவால் இன்னும் எத்தனையோ பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் திறந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து.

பத்து மணிக்குப் பூமணி அம்மா வந்தா. மகன் எங்கே என்று கேட்கவில்லை. "ராத்திரி அவன் இங்க வந்து சாப்பிட்டானா தம்பி?" என்று கேட்டா.

வரவில்லை அம்மா என்றேன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு யாரிடமோ சொல்வதுபோல முழுவதையும் சொன்னா. இரவு ஓட்டம் போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறா. அவர் கேட்கவில்லை. ஆத்திரத்தில் சோற்றைப் போட்டு, மீனை முள்ளோடு தட்டில் வைத்து, கல்யாணம் கட்டும் வயதில் உனக்கு இன்னும் நான் முள் எடுத்துத் தர ஏலாது, ஏலுமென்றால் நீயே எடுத்துத் தின் என்று சொல்லியிருக்கிறா. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். "வெறும் வயித்தோட அனுப்பிப்போட்டன் தம்பி" என்றா.

இதைக் கேட்ட பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். 'சாப்பிட்டார்.' சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் முதலாளி நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவருக்குப் பயந்தேன் என்று சொல்லித் தப்பலாம். உண்மை அதுவல்ல. என் பெயரையும் யாராவது இருட்டில் நின்று கூப்பிடுவார்கள் என்று பயந்தேன்.

ஆட்டோ சில நாள் கழித்து ஊருக்கு வெளியே வீதியோரத்தில் கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. பூமணி அம்மா மகனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறாத படி இல்லை. வீதியில் தூரத்தில் கண்டால் நான் ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். அவ மீன் தொடுவதை விட்டுவிட்டா என்று ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். ஒருநாள் முதலாளியிடம், அந்த அம்மாவிடம் சாப்பிட்ட விசயத்தை மட்டுமாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சாப்பிட்டான் எண்டா, மறுகா எங்க போனான் எண்டு கேப்பா. அதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்றார். கறி கொதித்துக்கொண்டிருந்தது, போய்க் கிளறினேன்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமை, வீதிச் சோதனைச் சாவடிகள் இன்னும் இருந்தன, ஆனால் முதலாளி முன்கதவை இரவு பத்து மணிவரை திறந்து வைத்தார். பால்மாத் தகரத்தை எடுத்து விளக்கை வெளியே எடுத்தார். சிமிலியைத் துடைக்காமலே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என்னிடம் வந்து, குரல் கேட்காத அளவுக்கு மெதுவாக, "இனி உங்கட வாய நான் கட்டி வைக்கல்ல, தம்பிராசா" என்றார். அந்த வருடக் கடைசியில் அவர் கண்ணை மூடினார். நல்ல மனிதர். எத்தனையோ பேருடைய உயிரைக் காத்த விதி அவருடையது. ஒரு தாய்க்கு அது என்ன செய்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கடைசிவரை பூமணி அம்மாவின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

வாயை அவிழ்த்துவிட்ட பிறகும் நான் போகவில்லை. அவர் செத்த பிறகும் இன்னும் நாலு மாதம் கடத்தினேன். பழியைப் போட இனி ஆள் இல்லை; அதுதான் கால் எழவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த வீட்டுத் திட்டத்துக்குப் போனேன்.

பூமணி அம்மா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தா. "வாங்க தம்பி" என்று கதிரை எடுத்துப் போட்டா. தேத்தண்ணி வைக்க எழும்பினா, இருக்கச் சொன்னேன். குடித்துவிட்டுச் சொன்னால் அது இன்னொரு துரோகம். அன்றைக்கு இரவு மகன் கடைக்கு வந்தவர் என்று சொன்னேன். சாப்பிட்டவர் என்று சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன்.

அவ அசையவில்லை. "என்ன கறி?" என்றா.

"திரளி, அம்மா."

"முள்ளு?"

"நான்தான் எடுத்துக் குடுத்தன்."

அப்போதுதான் அந்த முகம் உடைந்தது. மிளகாய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டா. கண் எரிந்திருக்கும், அதுகூடத் தெரியவில்லை. நான் மிச்சத்தையும் சொன்னேன். தானே எடுக்கிறேன் என்று முயன்றதையும், முடியாமல் சிரித்ததையும், விடியப் போய் அம்மாவைச் சமாளிப்பேன் என்றதையும். பிறகு ஒழுங்கையில் கேட்ட சத்தங்களையும், அந்தக் குரலையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அதை அவ பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அது அவவுக்கு முன்பே தெரிந்த கதை. ஊரில் எத்தனை வீட்டுக் கதை.

தலையை நிமிர்த்தியபோது குரலில் அழுகை இல்லை. "மூணு வருசம், தம்பி. நான் ஒவ்வொரு நாளும் சோத்துல கை வைக்கக்குள்ள அவன் தள்ளிவிட்ட தட்டுதான் கண்ணுக்குள்ள நிக்கும். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "போங்க" என்றா. போனேன்.

வேலிக் கடப்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டா. எழும்பி நின்றிருந்தா. அடிக்கப் போகிறாவோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"ரெண்டாந்தரமும் சோறு வாங்கினவனா?"

"ஓம் அம்மா. வாங்கினவர்."

தலையை ஆட்டினா. இன்னொரு தரம் ஆட்டினா. வீட்டுக்குள் போய்விட்டா.

அதற்குப் பிறகு நான் மாதம் ஒரு முறை போவேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஒருநாள் போனபோது சட்டியில் மீன் கொதித்தது. எனக்கும் போட்டுத் தந்தா. முள் எடுத்துத்தான் வைத்திருந்தா, கைப்பழக்கம். மகனுக்குத் திதி கொடு என்று உறவுக்காரர் நெருக்கினார்கள், கொடுக்கவில்லை. படத்தோடு அலைவதையும் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவவும் போய்ச் சேர்ந்துவிட்டா. கடைசிவரை எந்த அரசாங்கக் கந்தோரும் அவவுக்கு ஒரு பதில் சொல்லவில்லை.

செல்வத்தின் கடைக்கு நான் மறுபடியும் போனேன். முந்தாநாள் இரவு. தனியாகத்தான் போனேன். வீதியில் அவ்வளவு வெளிச்சம், ஆளுக்கு ஆள் உரத்துச் சிரிக்கிறார்கள். கொத்துச் சத்தம் பாலம்வரை கேட்கும். பூமணி அம்மா நெஞ்சோடு பிடித்துத் திரிந்த படம் இப்போது எந்த உறவுக்காரர் வீட்டில் இருக்கிறதோ தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் இனி ஒருவரும் இல்லை. கடைசியாக அதைச் சத்தமாகக் கூப்பிட்டது யார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் குரலோடு அது முடியக் கூடாது.

சோறும் மீன்கறியும் பார்சல் சொன்னேன். கல்லாவில் இருந்த பிள்ளை பேனையை எடுத்து, என்ன பேர் ஐயா என்று கேட்டாள். சொன்னேன். எழுதி ஒட்டினாள். வாங்குப் பலகையில் போய் இருந்தேன். கால் மணி நேரம் ஆனது.

"பிரதீபன்! பிரதீபன் ஆரு?"

ஓம் என்று சொல்லி எழுந்து போனேன்.